ஒடுக்கத்துப் புதனும் ஏரிக்கரைச் சேறும்

ஏரித் தண்ணீரை ஒட்டிப் பளபளவென்று வளர்ந்து கிடக்கும் பச்சைப் புல்லைப் பார்த்தால் கண் குளிர்கிறது என்று ஆட்கள் சொல்வார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். செத்து அழுகிய மிளா மானின் வாடையும், கறுத்த சேற்றின் வாடையும், அவற்றின் மேலே மிதந்து வந்த நெய்ச்சோற்று வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறும். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தொழுகைப் பாயில் உட்கார்ந்து மனசைக் கழுவிப் பார்த்துவிட்டேன். போகவில்லை. கோபமாக இருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடலாம். அருவருப்பை எப்படி மன்னிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். குமுளியில் ஒரு பலசரக்குக் கடை வைத்துப் பிழைத்தவன். மார்கழி, தை மாதங்களில் தேக்கடி ஏரி பார்க்க வருகிறவர்கள் என் கடையில் பிஸ்கட்டும் தீப்பெட்டியும் வாங்கும்போது, "பாய், எங்கிட்டுப் போனா நல்லா இருக்கும்?" என்று கேட்பார்கள். எங்கே போனால் நல்லா இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கே போகக்கூடாது என்று தெரியும். பனி கலைகிற வரைக்கும் கரைக்கு இறங்காதீர்கள். படகில் ஏறினால் எழுந்து நிற்காதீர்கள், தண்ணீருக்குள் நிற்கிற பட்டமரக் கட்டைகள் பனியில் தெரியாது. காலில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவிக்கொள்ளுங்கள், அட்டை ஏறாது. மாற்றுத் துணியும் கம்பளியும் இல்லாமல் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். வெயில் சாயும் முன்னே மேலே ஏறிவிடுங்கள், அது மிருகங்கள் தண்ணி குடிக்க வருகிற நேரம். என்ன ஆனாலும் தண்ணீர் ஓரத்துப் பச்சையில் மட்டும் கால் வைக்காதீர்கள். இப்படிச் சொன்னால் சிலர் கேட்டுக்கொள்வார்கள். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு என் மனைவியின் தாய்மாமன் ஞாபகம் வரும்.

ஐம்பதுகளின் ஆரம்பம் அது. அந்த வருஷம் எங்கள் சபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை, கார்த்திகைக் குளிரில் வந்து விழுந்தது. ஒடுக்கத்துப் புதன் என்று சொல்வோம். சபர் மாதத்தில் இறங்குகிற கேடுகள் எல்லாம் அந்தப் புதனோடு ஒழிய வேண்டும் என்று எங்கள் பக்கத்து ராவுத்தர் குடும்பங்களில் ஒரு வழக்கம். மாவிலையில் குங்குமப்பூ கரைத்த மையால் ஏழு ஸலாம், அதாவது குர்ஆனில் ஸலாம் என்று வருகிற ஏழு வாசகம், எழுதி, அதைத் தண்ணீரில் கழுவி ஆளுக்கு ஒரு மடக்குக் குடிப்பார்கள். பிறகு ஆறோ, குளமோ, தோட்டமோ பார்த்துக் குடும்பத்தோடு போய், செருப்பில்லாமல் பச்சைப் புல்லை மிதிப்பார்கள். ஆக்கிச் சாப்பிட்டுவிட்டுப் பொழுதோடு திரும்புவார்கள். மிதித்த புல்லோடு கேடு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. கிதாபில் இதற்கு ஆதாரம் இல்லை என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் மெல்லச் சொல்வார். சொல்லிவிட்டு மாவிலையில் எழுதியும் கொடுப்பார். நானும் அதில் குறை கண்டவன் இல்லை. வருஷம் முழுக்க அடுக்களைப் புகையில் கிடக்கிற பெண்கள் ஒருநாள் உடம்பில் காற்றுப் பட நடக்கிறார்கள், நல்லதுதானே என்று இருந்தவன்.

என் மனைவிக்கு அப்போது ஆறு மாசம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே கலைந்தது. இன்னொன்று ஆண்பிள்ளை. பிறந்து, பால் குடிக்காமலே மய்யத்தாயிற்று. நானே குழியில் இறக்கினேன். அதனால் இந்த வயிற்றை அவள் நடக்கும்போதும் ஒரு கையால் தாங்கிக்கொண்டேதான் நடப்பாள். அந்த வருஷம் புல் மிதிக்கப் போக வேண்டும் என்று எல்லோரையும்விட ஆசைப்பட்டவள் அவள்தான். இந்தப் பிள்ளையின் மேல் எந்தக் கேடும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, எல்லாவற்றையும் மிதித்துத் தள்ளிவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டாள். சரி என்றேன்.

அவளுடைய தாய்மாமனுக்குக் கம்பம்மெட்டில் ஏலக்காய் ஸ்டோர். அந்தக் குடும்பத்தில் காசு பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதனால் எந்தக் காரியத்துக்கும் அவர்தான் பெரியவர். நான் மாமு என்று கூப்பிடுவேன், அவர் என்னை மாப்ளே என்பார். காதுமடலில் எப்போதும் அத்தர் பஞ்சு இருக்கும். வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். பக்கத்தில் நின்றால் அத்தர் வாசமும் வெற்றிலை எச்சிலும் கலந்த ஒரு வீச்சம். நின்ற இடத்தில் காறித் துப்புவார். துப்பியதை யாராவது பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்க மாட்டார். ஆனால் பெண்கள் விஷயத்தில் வெகு கண்டிப்பு. அவர் வீட்டுப் பெண்களின் குரல் தெருவில் கேட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர் மனைவியை, அதாவது எங்கள் மாமியை, எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அதுவரை நான் முழுசாகப் பார்த்ததில்லை. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெரிய உருவம், அதற்குள்ளிருந்து ஒரு இருமல். அவ்வளவுதான் எனக்கு மாமி.

மாமுவின் ஏலக்காய் லாரி கம்பத்துக்கு இறங்கி, மறுபடி குமுளி மலை ஏறி, காலையில் எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. பின்னால் சாக்கு விரித்து மாமியும் தம்பிமார் வீட்டுப் பெண்களும். முன்னால் மாமு. நடுவில் மாமுவின் தம்பிகள் இருவரும், ஒரு ஆட்டுக்கிடாயும், சோறாக்குகிற தேக்சாக்களும். அன்று பனி இறங்கி எதிரில் வருகிற மாடு தெரியவில்லை. கொஞ்சம் வெயில் வரட்டும் மாமு என்று சொன்னேன். வெயில் வந்தால் ஊர் ஆட்கள் எல்லாம் ஏரிக்கு வந்துவிடுவார்கள், அதற்கு முன் பெண்கள் மிதித்துவிட வேண்டும் என்றார். என் மனைவி வாசலில் நின்று மாவிலைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, பிஸ்மி சொல்லி லாரியில் ஏறினாள். மாமி உள்ளிருந்து கை நீட்டி அவளைத் தூக்கிக்கொண்டாள். அந்தக் கையில் மருதாணி சிவந்திருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

படகுத்துறைப் பக்கம் கரை கெட்டியானது. கல் பரப்பிப் படி வைத்திருந்தார்கள், மேட்டில் புல்லும் இருந்தது. அங்கேயே மிதிக்கலாம். ஆனால் எஸ்டேட்டுக் குடும்பங்கள் இரண்டு மூன்று படகுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. அவர்கள் பார்க்கப் பெண்கள் நடக்கக் கூடாது என்று மாமு லாரியை இன்னும் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். ஏரி உள்வாங்கி வளைகிற ஒரு மூலை. ஆள் நடமாட்டம் இல்லாத இடம். டிரைவரையும் படகுத்துறைக்கு அனுப்பிவிட்டார். மரங்களுக்கு நடுவே வேட்டியைக் கட்டி மறைத்து அந்தப் பக்கம் பெண்கள் உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் ஜமக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்தோம். மாமுவின் தம்பிகள் ஆட்டை அறுத்தார்கள். குடலையும் சாணியையும் தண்ணீரிலேயே உதறினார்கள். அது கரையோரம் ஒதுங்கி மிதந்துகொண்டிருந்தது. அதே தண்ணீரை மொண்டுதான் சோற்றுக்கு உலை வைத்தார்கள். பெரிய தண்ணீர் அசுத்தமாகாது என்று மாமு மார்க்கம் சொன்னார். எனக்குத் தெரியும், பெரிய தண்ணீர் அசுத்தமாகாதுதான். ஆனால் அல்லாஹ் மனுஷனுக்குக் கண்ணையும் கொடுத்திருக்கிறானே.

பனி விலகியபோது பெண்கள் மிதிக்கப் போகிற இடம் எப்படி என்று பார்த்துவர நான் இறங்கினேன். வளைவைத் தாண்டியதும் நாற்றம் அடித்தது. தண்ணீர் ஓரத்தில் ஒரு மிளா. நின்ற வாக்கிலேயே செத்திருந்தது. வயிறு வரை சேற்றுக்குள் புதைந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் இருந்த இடத்தில் புழு நெளிந்துகொண்டிருந்தது. தண்ணி குடிக்க வந்து சிக்கியிருக்கிறது. இழுத்து இழுத்துப் பார்த்து, சோர்ந்து, அப்படியே நின்று செத்திருக்கிறது. அதைச் சுற்றித்தான் அந்தப் புல். நெல் நாற்றங்கால் போல, இளசாக, பச்சையாக, பார்த்தால் உருளலாம் போல இருந்தது. நான் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டேன். புல்வெளி மொத்தமும் பால்மேல் ஆடை நடுங்குகிற மாதிரி நடுங்கியது. கல் உள்ளே போய்விட்டது. போன இடத்திலிருந்து கறுப்பாகக் குமிழி ஒன்று வந்து உடைந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினேன்.

மாமுவிடம் வந்து பார்த்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் வேண்டாம், மிளாவே புதைந்து கிடக்கிறது, பெண்கள் மேட்டுப் புல்லிலேயே மிதிக்கட்டும், நாம் வேண்டுமானால் லாரிக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவோம் என்றேன்.

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"மேட்டுல புல்லா இருக்கு? மாடு தின்னுட்டுப் போட்ட தட்டையில்ல இருக்கு. பச்சைய மிதிக்கணும் மாப்ளே, அதானே வழக்கம். மிளா நாலு கால்ல போச்சு, மாட்டிக்கிச்சு. நம்ம பொம்பளைக என்ன ஓடவா போறாக?"

தம்பிமார் சிரித்தார்கள். நாற்றம் அடிக்கிறது மாமு என்றேன். மூக்கைப் பொத்திக்கொண்டு மிதிக்கட்டும், காலுக்கு மூக்கு இருக்கா என்றார். அதற்கும் சிரித்தார்கள். நான் விடவில்லை, பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்று மறுபடியும் சொன்னேன். கடைசியில், சரி சரி, சோறு இறங்கட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். பெண்களுக்கு எதுவும் சொல்வதென்றால் அவர்தான் மறைப்புக்குப் பக்கத்தில் போய் நின்று சொல்வார், அதுதான் அந்தக் குடும்பத்து நடைமுறை. சொல்லிவிடுவார் என்று நம்பி, நடுப்பகல் லுஹர் தொழுவதற்கு நான் மேட்டில் சுத்தமான இடம் தேடிப் போனேன்.

அவர் போய்ச் சொன்னது என்ன என்று எனக்கு வீட்டுக்கு வந்த பிறகு மாமிதான் சொன்னாள். "மாப்ளே போய்ப் பாத்துட்டு வந்துட்டாரு. நல்ல பச்சையாம், ஆள் அரவம் இல்லையாம். வெரசாப் போய் மிதிச்சிட்டு வாங்க, சோறு ஆறுது." என் பெயரைச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். நான் பார்த்த இடம் என்பதால்தான் என் மனைவி எல்லோருக்கும் முந்தி இறங்கியிருக்கிறாள்.

தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்த நேரம் ஒரு சத்தம் கேட்டது. அலறல் இல்லை. அலறக்கூடப் பழக்கம் இல்லாத பெண்கள் அவர்கள். துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற மாதிரி ஒரு முனகல், பலபேரின் முனகல். நான் ஓடினேன்.

என் மனைவி அந்தப் பச்சையின் நடுவில் இடுப்பு வரை போயிருந்தாள். துப்பட்டி ஒரு பக்கம் சேற்றில் மூழ்கிக் கிடந்தது. இரண்டு கையையும் வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். கையை விரித்து எதையாவது பிடிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை, சேறு வயிற்றைத் தொடக் கூடாது என்பதுதான் அவளுக்கு நினைப்பு. கூப்பிடு தூரத்தில் அந்த மிளா. என்னைப் பார்த்ததும் அசையாதீங்க, நீங்க வராதீங்க என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் கால் வைத்தேன். முழங்காலுக்குப் போனது. படுத்துத்தான் போக வேண்டும் என்று புரிந்து குப்புறப் படுத்தேன். முகம் அந்தக் கறுப்பில் பட்டது. அழுகின முட்டை, செத்த மீன், வருஷக்கணக்கில் ஊறின இலை, எல்லாம் சேர்ந்து வாய்க்குள்ளேயே வந்தது. நான் வாந்தியெடுத்தேன். எடுத்துக்கொண்டே ஊர்ந்தேன். அவள் கையைப் பிடித்துவிட்டேன், ஆனால் இழுக்க இழுக்க நான் உள்ளே போனேனே தவிர அவள் வெளியே வரவில்லை. கரையிலிருந்து பலம் வேண்டும். ஆம்பளைப் பலம் வேண்டும்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மாமுவும் தம்பிமாரும் மரங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். கையில் சோறு ஒட்டியிருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டுப் பாதியில் எழுந்து வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் கிட்டே வரவில்லை. முகத்தை ஏரிக்கு மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். முகம்தான் திரும்பியிருந்தது, கண் திரும்பவில்லை.

"பொம்பளைகள மொதல்ல அங்கிட்டுப் போகச் சொல்லுங்க மாப்ளே," என்றார் மாமு. "எல்லாம் துப்பட்டி நழுவி நிக்குதுக. பொறகுதானே நாங்க வர முடியும்."

பெண்கள் போய்விட்டால் கரையில் யாரும் இல்லை. இருக்கிற ஒரு பிடியும் போய்விடும். நான் கத்தினேன். "உங்க தங்கச்சி மக மாமு! நீங்க தொட்டா என்ன தடை?"

இதைப் படிக்கிறவர்களில் எங்கள் மார்க்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாய்மாமன் என்பவன் தகப்பனுக்குச் சமம். அவன் முன்னே பெண் மறைய வேண்டியதில்லை. கையைப் பிடித்துத் தூக்குவது பாவமே இல்லை, தூக்காமல் நிற்பதுதான் பாவம். அங்கே நின்ற மூன்று பேரும் அவளுக்குத் தாய்மாமன்கள். ஓதின மனுஷர் மாமு, இது அவருக்குத் தெரியும். சேறு வேண்டாம் என்பதுதான் விஷயம். அன்றைக்கு அவர் வெள்ளைச் சில்க் ஜிப்பா போட்டிருந்தார்.

"தொடலாம், நான் தொடலாம்," என்றார். "மத்த பொம்பளைகளும் இருக்குதுகல்ல?"

அவர் பேசி முடிப்பதற்குள் மாமி துப்பட்டியை அவிழ்த்துவிட்டாள். தலையிலிருந்து முழங்கால் வரை போர்த்தியிருந்த அந்தப் பெரிய வெள்ளைத் துணியை உருவி, உதறி, சேற்றின் மேல் விரித்தாள். நரைத்த தலை, கனத்த உடம்பு, வியர்த்த முகம். முதல் தடவையாக நான் மாமியைப் பார்த்தேன்.

"ஏய், எடுத்துப் போத்து," என்றார் மாமு. அதட்டலாகக்கூட இல்லை, மாட்டை ஓட்டுகிற மாதிரி சொன்னார்.

மாமி திரும்பவில்லை. "மய்யத்தாப் போயிட்டா நாளைக்கு இவ மேல இந்தத் துணியத்தானே போத்தணும். உசுரோட இருக்கையிலேயே போடுறேன்," என்றாள்.

சொல்லிவிட்டு அந்தத் துணியின் மேல் குப்புறப் படுத்தாள். மற்ற பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு துப்பட்டியாக அவிழ்ந்தது. இரண்டைக் கீழே விரித்தார்கள். இரண்டை முறுக்கி முடிச்சுப் போட்டு எங்களிடம் எறிந்தார்கள். நான் அதை என் மனைவியின் அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டினேன். மாமி அவள் தோளைப் பிடித்தாள், கரையில் நின்ற பெண்கள் துணியை இழுத்தார்கள். வயிறு தரையில் அழுந்தாமல் அவளை மல்லாத்தி, நின்றதுபோல் இழுக்காமல் படுத்ததுபோல் இழுத்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யா அல்லாஹ் என்பதைத் தவிர யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் சேறு அவளை விட்டது. விட்டபோது வந்த சத்தம், சப்பிக்கொண்டிருந்த எலும்பை ஒருவன் வாயிலிருந்து எடுக்கிற சத்தம். நான் இன்று வரை எலும்பு உறிஞ்சுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

கரைக்கு வந்ததும் அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இடுப்புக்குக் கீழே எல்லாம் கறுப்பு. கணுக்காலிலும் கழுத்திலும் அட்டைகள் ரத்தம் குடித்துத் திராட்சைபோல் தொங்கின. மாமி தன் வாயிலிருந்த புகையிலைச் சாற்றைத் துப்பித் துப்பி அவற்றை எடுத்தாள். என் மனைவிக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது, பல் கிட்டிக்கொண்டது. சேற்றைவிட இனிக் குளிர்தான் கொல்லும் என்று எனக்குத் தெரிந்தது. மாற்றுத் துணி யாரிடமும் இல்லை. பெண்கள் எல்லாருடைய துணியும் சேறு. நெருப்பு ஆண்கள் பக்கம் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். மாமுவும் தம்பிமாரும் எனக்கு முன்னேயே வந்து உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். ஜமக்காளத்தின் நடுவில் ஒரே பெரிய தாம்பாளத்தில் சோறு, கறி. மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து கை போட்டிருந்தார்கள். மாமு ஒரு நெஞ்செலும்பைக் கையில் வைத்திருந்தார். "அல்ஹம்துலில்லாஹ், வந்துட்டாளா? ஸலாம் தண்ணி குடிச்சாளில்ல, அது கைவிடாது," என்றார். உதட்டோரம் நெய் வழிந்தது.

அவளை அடுப்போரம் மாமியின் மடியில் கிடத்திவிட்டு வந்து, ஜமக்காளத்தின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். தாம்பாளம் கவிழ்ந்தது. மூன்று பேரும் சரிந்து புல்லில் விழுந்தார்கள். சோற்றை உதறிவிட்டு அந்த ஜமக்காளத்தை அவளுக்குச் சுற்றினேன். ஈரத் துணிகளை உள்ளுக்குள்ளேயே மாமி அவிழ்த்து எறிந்தாள். சோறு மண்ணில் கொட்டியது பற்றித் தம்பிகளில் ஒருவர், அல்லாஹ் தந்த ஆகாரத்தை, ரிஸ்க்கை, கீழே தள்ளலாமா மாப்ளே, அவன் கேட்பானே என்று வருத்தப்பட்டார். கேட்கட்டும், அப்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பான் என்றேன்.

திரும்பும்போது சேறு சீட்டில் ஒட்டும் என்று அவளை லாரியில் பின்னால்தான் ஏற்றச் சொன்னார் மாமு. குளிர்காற்று அடிக்கிற இடத்தில். பெண்கள் நாலு பக்கமும் நெருக்கி உட்கார்ந்து, தங்கள் உடம்பாலேயே அவளுக்குச் சுவர் வைத்தார்கள்.

வீட்டில் செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தோம். சுக்கும் மிளகும் கொதிக்கவைத்துக் கொடுத்தோம். அவள் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கூரையையே பார்த்தாள். "அசையலங்க" என்றாள் ஒரே ஒரு தரம். அன்றும் அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. மருத்துவச்சி காது வைத்துப் பார்த்துவிட்டு, அல்லாஹ் இருக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அந்த ஆண்பிள்ளையை இறக்கின குழி கண்முன் வந்து வந்து போயிற்று. எத்தனை தரம் கழுவினாலும் என் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. அந்தக் கையைத் தூக்கி துஆ கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அதே கையைத்தான் தூக்கினேன். அதற்கு அடுத்த நாள் விடியற்காலைச் சுபுஹுத் தொழுகைக்கு நான் ஒளு எடுத்துக்கொண்டிருக்கும்போது அவள் உள்ளிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் சிரிக்கிறாள், கண்ணில் தண்ணி. என் ஈரக்கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு உதை. சின்ன உதைதான். நான் அப்படியே நெற்றி தரையில் பதிய ஸஜ்தாவில் விழுந்தேன்.

மாமு அந்த வாரம் கம்பம்மெட்டுப் பள்ளிவாசலில் இதைப் பெரிய கதையாகச் சொன்னாராம். மாவிலை எழுத்தின் மகிமையால் சேறே வழிவிட்டதாம். தான் கரையில் நின்று விடாமல் ஓதிக்கொண்டிருந்தாராம். கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்களாம். என் கடைக்கு வந்த சரக்குக்காரன் ஒருவன் இதைச் சொல்லி, பெரிய மனுஷரின் துஆ பாய் என்றபோது நான் எழுந்துபோய் வாசலில் துப்பினேன். அதுவரை வாசலில் துப்பிப் பழக்கமில்லாதவன் நான்.

ஆனால் அதைவிட மோசம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏரியிலிருந்து திரும்பின நாளிலிருந்து மாமு தன் மனைவி ஆக்கியதைச் சாப்பிடவில்லை. தம்பி வீட்டிலிருந்து சோறு வரவழைத்துத் தின்றார். ஊர் முன்னால் அவிழ்த்தவள் கையால் தண்ணி குடிக்க மாட்டேன் என்றாராம். சேற்றில் கிடந்த ஒரு பெண்ணைத் தூக்கியதற்காக. ஜில்லென்ற சேற்றில் நெஞ்சு பதியப் படுத்ததில் மாமிக்கு இருமல் கூடி, ரத்தம் கலந்து வந்திருக்கிறது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

மாசிக் கடைசியில் எங்களுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிறந்ததும் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. நாற்பதாம் நாள் மாமு லாரியில் வந்தார். அத்தர், வெற்றிலை, புதுச் சில்க் ஜிப்பா, கையில் பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண். பின்னால் மாமி. புதுத் துப்பட்டி, அதே இருமல். மாமு கூடத்தில் உட்கார்ந்து, பிள்ளையைக் கொண்டா, ஓதி ஊதுகிறேன் என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

என் மனைவி பிள்ளையோடு வந்தாள். அவர் கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு போய், அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்த மாமியின் மடியில் பிள்ளையை வைத்தாள். மாமு நீட்டின கையை மடக்கி, மூக்கைச் சொறிந்தார். நான் சாயா கொண்டுவந்து வைத்தேன், விருந்தாளி அல்லவா. முழுசாகக் குடித்தார். ஏலக்காய் இந்தத் தடவை விளைச்சல் மட்டம் என்றார். மேலே பார்த்து ஏப்பம் விட்டார். வந்த காரியம் முடிந்தது என்று எழுந்தார். அரைஞாண் அவர் வைத்த இடத்திலேயே கிடந்தது.

லாரி ஏறி உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடித்தார். மாமி எழுந்திருக்கவில்லை. மறுபடியும் அடித்தார். டிரைவர் இறங்கி வந்து வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மாமி துப்பட்டியைத் தலையிலிருந்து தள்ளிவிட்டு, பிள்ளையின் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை மடியில தூங்குது," என்றாள் அவனிடம். "அசைக்க முடியாது. அவரைப் போகச் சொல்லுப்பா."

அவன் போய்ச் சொன்னான். லாரி கொஞ்சநேரம் உறுமிக்கொண்டு நின்றது. அப்புறம் போய்விட்டது. என் மனைவி அடுப்பை ஊதி, ராத்திரிக்கு ஒரு ஆளுக்குக் கூடுதலாக அரிசி களைந்தாள்.